கழுத்து ரத்தக்குழாய்ல 80% அடைப்பு, அப்பாவுக்கு ஆபரேஷனா ஸ்டென்ட்டா? மும்பைல பாத்தவங்க சொல்லுங்க

செம்பூர் செல்வி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிச்சிட்டு தெரிஞ்சவங்க பதில் போடுங்க.

அப்பாவுக்கு 71 வயசு. துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியே பம்பாய் வந்துட்டாரு, எங்க எல்லாருக்கும் செம்பூர்தான் ஊரு. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, வேலைல இருந்த வரைக்கும் சிகரெட்டும் இருந்துச்சு. போன வாரம் காலைல காபி குடிச்சிட்டு இருக்கும்போது வலது கைல இருந்த டம்ளர் நழுவி விழுந்துருக்கு, அம்மா என்னாச்சுன்னு கேட்டா வாய் குழறுது, "அது... அது"ன்னே சொல்றாராம், அதுக்கு மேல வார்த்தை வரல. ஒரு கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் தானா சரியாகி பேப்பர் படிக்க உக்காந்துட்டாரு. அம்மா சுகர் கொறஞ்சிருக்கும்னு நெனச்சு சர்க்கரைத் தண்ணி கலந்து குடுத்துருக்காங்க. நான் ஆபீஸ் விட்டு வந்து கேள்விப்பட்டதும் நம்ம வழக்கமா பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டு போனேன், அவரு கைய காலத் தூக்கச் சொல்லி பாத்துட்டு, இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்கன்னு லெட்டர் எழுதி குடுத்துட்டாரு.

அங்க எம்ஆர்ஐ, கழுத்து டாப்ளர் ஸ்கேன், சிடி ஆஞ்சியோ எல்லாம் எடுத்தாங்க. மூளைல பெருசா பாதிப்பு இல்லையாம். ஆனா இடது பக்க கரோடிட்ல, அதாவது மூளைக்கு ரத்தம் கொண்டு போற கழுத்துக் குழாய்ல 80% அடைப்பு, வலது பக்கம் 40%. நியூரோ டாக்டர் இது டிஐஏ, பெரிய ஸ்ட்ரோக் வரதுக்கு முன்னாடி வர எச்சரிக்கை, நாள் கடத்தாம ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற வாஸ்குலர் சர்ஜன்ட்ட அனுப்பினாரு. நடுவுல சித்தப்பா சொன்னாருன்னு வேற ஒரு இதய டாக்டர்ட்டயும் ரிப்போர்ட்ட காட்டினோம், அவரு கழுத்த எதுக்கு அறுக்கணும், தொடை வழியா ஸ்டென்ட், அதான் அடைப்ப விரிச்சு வைக்கிற வலைக்குழாய், வச்சா ரெண்டு நாள்ல வீட்டுக்கு போயிடலாம்ங்கிறாரு. ஊர்ல இருந்து பெரியப்பா போன் பண்ணி ஆடி மாசம் ஒடம்புல கத்தி வைக்கக் கூடாது, ஆவணி பொறக்கட்டும், அதுவரைக்கும் மாத்திரைல ஓட்டுங்கன்னு ஒரே பிடிவாதம். அப்பாவோ எனக்கு ஒண்ணுமே இல்ல, நீங்கதான் பயமுறுத்துறீங்கன்னு மார்க்கெட்டுக்கு கெளம்புறாரு. அம்மாவுக்கு கழுத்துல ஆபரேஷன்னு சொன்னாலே அழுகை.

நான் ஒருத்திதான் முடிவு எடுக்கணும். ஆபரேஷன்லயே ஸ்ட்ரோக் வரலாம்னு பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்க, அத படிச்சதும் கை நடுங்குது. நெஜமாவே இவ்ளோ அவசரமா? ஆவணி வரைக்கும் தாங்குமா? ஸ்டென்ட்டா ஆபரேஷனா? இங்க யாராவது பாத்திருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

---

சயான் சிஸ்டர் பதில்:

செல்விம்மா, நான் இங்க ஒரு ஆஸ்பத்திரில நியூரோ ஐசியுல ரொம்ப வருசமா நர்ஸா இருக்கேன். டாக்டர் இல்ல, அதனால அப்பாவுக்கு இதுதான்னு முடிவு சொல்ல மாட்டேன், ஆனா இந்த அவசரம் நெஜம், அத மட்டும் அடிச்சு சொல்றேன்.

மொதல்ல என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுக்கோங்க. நிறைய பேரு அடைப்புன்னா ரத்தம் கம்மியா போகுது, கொஞ்சம் மயக்கம் வரும், மாத்திரை போட்டா ஓடிடும்னு நெனைக்கிறாங்க. ஆபத்து பெரும்பாலும் அதுல இல்ல. கழுத்துல தாடைக்கு கொஞ்சம் கீழ கரோடிட் ரெண்டா பிரியுற எடத்துல கொழுப்பும் சுண்ணாம்பும் சேந்து படியுது, மழைக்காலத்துல பழைய சால் (வரிசை வீடு) சுவர்ல காரை பேந்து விழற மாதிரி அந்த படிவு வெடிச்சு துணுக்கு உதிருது, இல்லன்னா வெடிச்ச எடத்துல ரத்தம் உறைஞ்சு அந்தக் கட்டி மேல போகுது. போய் மூளைல ஒரு சின்ன குழாய அடைக்குது. அப்பாவுக்கு இடது பக்கம் அடைப்பு, மூளையோட இடது பக்கம்தான் வலது கையையும் பேச்சையும் பாத்துக்குது, அதான் வலது கையும் பேச்சும் போச்சு, கணக்கு சரியா பொருந்துது பாருங்க. சில பேருக்கு அதே பக்க கண்ணுல தெரை விழுந்த மாதிரி கொஞ்ச நேரம் பார்வை போய் வரும், அதுவும் இதே வியாதிதான். துணுக்கு தானா கரைஞ்சதால அப்பா எழுந்து பேப்பர் படிச்சாரு. அடுத்தது கரையும்னு யாரும் கேரண்டி குடுக்க முடியாது.

ஒரு தடவ வெடிச்ச எடம் மொத ரெண்டு வாரம்தான் ரொம்ப மோசமா இருக்கும். அதனாலதான் டிஐஏ வந்தவங்களுக்கு 14 நாளுக்குள்ள ஆபரேஷன் முடிக்கணும்னு பல நாட்டு வழிகாட்டுதல்லயும் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்ட் டாக்டர்ங்க 2004ல பழைய ரெண்டு பெரிய ஆய்வையும் சேத்து கணக்கு போட்டாங்க, ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணா அஞ்சு பேருக்கு ஆபரேஷன் பண்ணி ஒருத்தர ஸ்ட்ரோக்ல இருந்து காப்பாத்தலாம், மூணு மாசம் கழிச்சு பண்ணா ஒருத்தர காப்பாத்த 125 பேருக்கு பண்ணணும். அதே கத்தி, அதே சர்ஜன், அதே செலவு, பலன் மட்டும் போயிடுது. பெரியப்பாகிட்ட இத சொல்லுங்க. பெரியவங்க மனசு நோகாம சொல்லணும்னா சாமிக்கு காசு முடிஞ்சு வச்சுட்டு, ஆவணில ஊருக்கு வந்து செலுத்துறோம்னு சொல்லிடுங்க, எங்க வார்டுல நிறைய குடும்பம் அப்படித்தான் சமாளிக்கிறாங்க.

கையெழுத்து பேப்பர் பத்தி. ஆபரேஷன்ல ஸ்ட்ரோக் வரலாம்ங்கிறது உண்மைதான், மறைக்க வேண்டாம். ஆனா பண்ணாம விட்டா என்னன்னு அந்த பேப்பர்ல இருக்காது. 1991ல வட அமெரிக்காவுல நாஸெட்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, உங்க அப்பா மாதிரியே அறிகுறி வந்து 70%க்கு மேல அடைப்பு இருந்தவங்கள ரெண்டா பிரிச்சாங்க, மாத்திரை மட்டும் குடுத்தவங்கள்ல ரெண்டு வருசத்துல 26% பேருக்கு அதே பக்கம் ஸ்ட்ரோக், ஆபரேஷன் பண்ணவங்கள்ல 9%. அந்த 9%ல ஆபரேஷன் டேபிள்ல வந்ததும் சேத்திதான். இப்ப மாத்திரைங்க அந்தக் காலத்த விட நல்லா இருக்கு, அதனால ரெண்டு நம்பருமே கொறஞ்சிருக்கும், ஆனா 80% அடைப்பு, அறிகுறி வந்தாச்சுங்கற நெலமைல இன்னைக்கும் ஆபரேஷன் பக்கம்தான் தராசு சாயுது.

இன்னொண்ணு. அதுவரைக்கும் அப்பாவ தனியா மார்க்கெட்டுக்கு விடாதீங்க. மறுபடியும் வாய் கோணுனா, கை தூக்க முடியலன்னா, பேச்சு குழறுனா சுகர் செக் பண்ணிட்டு உக்காந்திருக்காம 108 கூப்பிடுங்க, கட்டி கரைக்கிற ஊசி போட நாலரை மணி நேரம்தான் டைம். இது மழை சீசன் வேற, கிங்ஸ் சர்க்கிள்லயும் குர்லாவுலயும் தண்ணி நின்னா ஆம்புலன்ஸ் நகராது. செம்பூர்ல இருந்து தண்ணி நிக்காத வழில எந்த ஆஸ்பத்திரில ராத்திரியும் சிடி ஸ்கேன் ஓடுது, அந்த ஊசி போடுவாங்கன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்கோங்க.

---

முலுண்ட் மீனா பதில்:

செல்வி, என் வீட்டுக்காரருக்கு இதே ஆபரேஷன் ஆயிருக்கு, இப்ப நல்லா இருக்காரு, காலைல வாக்கிங் போறாரு. உங்கம்மாகிட்ட இத படிச்சு காட்டுங்க.

சயான் சிஸ்டர் சொன்ன எல்லாத்தையும் எங்களுக்கும் சொன்னாங்க. ஆபரேஷன் உள்ள என்ன நடக்கும்னு யாரும் வெளக்கமா சொல்ல மாட்டாங்க, அத நான் சொல்றேன், தெரிஞ்சா பயம் கொறையும்.

இவருக்கு முழு மயக்கம் குடுக்கல, கழுத்துல மட்டும் மரத்துப் போற ஊசி. சில எடத்துல முழு மயக்கம் குடுப்பாங்க, ரெண்டுக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இல்லன்னு 2008லயே ஆய்வு பண்ணி சொல்லிட்டாங்களாம், அந்த டீமுக்கு எது பழக்கமோ அதுதான் நல்லது. முழிச்சிருந்ததால மொத்தத்தையும் இவரே வந்து கதையா சொன்னாரு. கழுத்து பக்கவாட்டுல தசை ஓரமா நீளமா வெட்டி ரத்தக்குழாய வெளில எடுக்கிறாங்க, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போடுறாங்க, அப்புறம் மேலயும் கீழயும் கிளாம்ப் போட்டு ரத்தத்த நிறுத்துறாங்க. அந்த நேரம் மூளைக்கு மத்த மூணு குழாய்ல இருந்து ரத்தம் போதுமான அளவு வருதான்னு பாக்கணும் இல்லையா, அதுக்கு இவரு கைல ஒரு ரப்பர் பொம்மை குடுத்துட்டாங்க, அமுக்குனா கீச்சுனு சத்தம் வர கொழந்தைங்க பொம்மை. கழுத்துல எந்தப் பக்கம் வெட்டுறாங்களோ அதுக்கு எதிர்ப் பக்க கைல. மயக்க டாக்டர் நிமிசத்துக்கு ஒரு தடவ அமுக்குங்கன்னு சொல்லுவாரு, இவரு அமுக்கணும், கூடவே ஏதாவது பேச சொல்லுவாங்க. கை தளர்ந்தாலோ பேச்சு நின்னாலோ ஒடனே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய வச்சு ரத்தத்த சுத்தி விடுவாங்க, ஷன்ட்டுன்னு பேரு. இவருக்கு தேவைப்படல.

இதுல ஒரு விஷயம் உங்களுக்கு முக்கியம். எங்களவருக்கு ஹிந்தி நல்லா வரும், மராட்டியும் வரும், ஆனா படுக்க வச்சதும் பதட்டத்துல எல்லாம் மறந்து தமிழ்லயே பதில் சொல்லிட்டு இருந்தாராம். பேச்சு சரியா வருதா குழறுதான்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? நல்ல வேளையா அங்க ஒரு தமிழ் சிஸ்டர் இருந்தாங்க, அவங்கள தலைமாட்டுல நிக்க வச்சு, ஊரு பேரு, பேரன் பேரு, ஒண்ணுல இருந்து அம்பது வரைக்கும்னு தமிழ்லயே பேச வச்சாங்க. உங்க அப்பாவுக்கு முழிப்புல பண்றதா இருந்தா முன்னாடியே தமிழ் தெரிஞ்ச ஸ்டாஃப் யாராவது உள்ள இருப்பாங்களான்னு கேளுங்க. கேக்க வெக்கப்படாதீங்க, இடது பக்கம்தான் பேச்சு இருக்கிற பக்கம்.

குழாய நீளமா திறந்து உள்ள இருந்த படிவ உரிச்சு எடுத்துட்டு, மூடும்போது சுருங்கிடக் கூடாதுன்னு ஒட்டு வச்சு தச்சாங்க. அந்த ஒட்டு மாட்டு இதயத்த சுத்தி இருக்கிற சவ்வுல பண்ணது. எங்க மாமியார் சுத்த சைவம், இத கேட்டு முகம் சுளிச்சாங்க, உங்க வீட்லயும் யாராவது கேப்பாங்கன்னா முன்னாடியே சர்ஜன்ட்ட பேசிடுங்க, துணி மாதிரி நெய்த செயற்கை ஒட்டும் இருக்கு, கால்ல இருந்து ரத்தக்குழாய் எடுத்தும் வைப்பாங்க. முடிஞ்சதும் சர்ஜன் வெளில வந்து எடுத்தத ஒரு ஸ்டீல் கிண்ணத்துல காட்டினாரு. சுண்டு விரல் நீளம் கூட இல்ல, மஞ்சளா கெட்டியா, ஒரு எடத்துல வெடிச்சு கருஞ்சிவப்பா ரத்தம் ஒட்டிட்டு இருந்துச்சு. அந்த வெடிப்புதான் அவருக்கு கை போய் வந்ததுக்கு காரணம்னு சொன்னாரு. அத பாத்ததும் எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் போயிடுச்சு.

மொத ராத்திரி ஐசியு. பிரஷர்தான் பெரிய கவலை அங்க, கூடவும் கூடாது கொறையவும் கூடாது. கழுத்து திடீர்னு வீங்குனா மூச்சுக்குழாய அழுத்தும், அதனால அடிக்கடி வந்து கட்ட பாத்துட்டே இருந்தாங்க. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்த அப்புறம் ஒரு பக்கமா தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல்னு ஏதாவது வந்தா மாத்திரை போட்டு படுக்காம ஒடனே திரும்பி வரணும்னு எழுதியே குடுத்தாங்க, ரொம்ப நாள் கம்மியா ரத்தம் பாத்த மூளைக்கு திடீர்னு நிறைய போறதால அப்படி ஆகலாமாம்.

சின்ன சின்ன தொந்தரவு இருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். கொரல் கொஞ்ச நாள் கரகரப்பா இருந்துச்சு, தண்ணி குடிச்சா பொறை ஏறும், கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடுச்சு. காது மடலும் தாடைக்கு கீழயும் மரத்துப் போச்சு, ஷேவ் பண்ணும்போது வெட்டினது தெரியாம ரத்தம் வந்துச்சு, அதுக்கப்புறம் எலக்ட்ரிக் ஷேவர் வாங்கி குடுத்தேன். சில பேருக்கு நாக்கு ஒரு பக்கமா இழுக்குமாம், வாய் ஓரம் கொஞ்சம் தொங்குமாம், அந்த எடத்துல போற நரம்ப இழுத்துப் பிடிக்கிறதால வரது, பெரும்பாலும் சில மாசத்துல சரியாகும்.

---

தாணே பாலா பதில்:

நான் ஸ்டென்ட் பக்கம் பேசுறேன், ஏன்னா எங்கம்மாவுக்கு ஸ்டென்ட்தான் வச்சோம், அது சரியான முடிவுதான்.

ஆனா காரணத்த கேளுங்க. அம்மாவுக்கு தொண்டைல கேன்சர் வந்து பல வருசம் முன்னாடி ரேடியேஷன் குடுத்தாங்க. அந்தக் கழுத்துல தோலும் தசையும் இறுகி ஒட்டிப் போயிருக்கும், வெட்டுனா ஆறாது, நரம்புல பட சான்ஸ் ரொம்ப அதிகம். அதனால வாஸ்குலர் சர்ஜனே நான் பண்ண மாட்டேன், ஸ்டென்ட்டுக்கு போங்கன்னு அனுப்பிட்டாரு. அதே மாதிரி அதே பக்கம் முன்னாடி ஆபரேஷன் ஆகி திரும்ப அடைச்சவங்க, அடைப்பு தாடை எலும்புக்கு மேல கைக்கு எட்டாத எடத்துல இருக்கிறவங்க, இதயம் ரொம்ப வீக்கா இருக்கிறவங்க இவங்களுக்கெல்லாம் ஸ்டென்ட் நல்லது.

உங்க அப்பாவுக்கு இதுல எதுவும் இல்லன்னா, 71 வயசுங்கிறத யோசிங்க. 2010ல கிரெஸ்ட்னு ஒரு ஆய்வு, அமெரிக்கா கனடாவுல 2,500 பேருக்கு மேல, ஸ்டென்ட்டையும் ஆபரேஷனையும் நேருக்கு நேர் வச்சு பாத்தாங்க. மொத்தமா ரெண்டும் சமம்னு வந்துச்சு, ஆனா உள்ள பாத்தா மொத ஒரு மாசத்துல ஸ்ட்ரோக் ஸ்டென்ட்ல 4.1%, ஆபரேஷன்ல 2.3%. ஹார்ட் அட்டாக் அப்படியே தலைகீழ், ஸ்டென்ட்ல 1.1%, ஆபரேஷன்ல 2.3%. வயசு எழுபதுக்கு மேல போகப் போக ஆபரேஷன் நல்லது, அதுக்கு கீழ ஸ்டென்ட் சமமா இல்ல கொஞ்சம் நல்லதாவும் இருக்கு. வயசானவங்களுக்கு நெஞ்சுல இருந்து கழுத்துக்கு ஏறுற குழாயே வளைஞ்சு நெளிஞ்சு கொழுப்பு படிஞ்சு கெடக்கும், தொடைல இருந்து வயர் அந்த வளைவெல்லாம் தாண்டி வரும்போதே துணுக்க தட்டி விட்டுடும், அதான் காரணம்னு எங்களுக்கு படம் போட்டு காட்டினாங்க. துணுக்கு பிடிக்க மேல குடை மாதிரி ஒரு ஃபில்டர் விரிப்பாங்கதான், ஆனா அது விரியுறதுக்கு முன்னாடி போறத பிடிக்க முடியாது.

அம்மாவுக்கு பலூன் ஊதுற அந்த நிமிசம் நாடி சடார்னு கொறைஞ்சிடுச்சு, அந்த எடத்துல பிரஷர பாத்துக்கிற நரம்பு இருக்கு, ஊசி தயாரா வச்சிருந்து போட்டாங்க. அப்புறம் ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரெலும் சேத்து ஒரு நாள் கூட விடாம சாப்பிடணும், வயிறு வலிக்குதுன்னு நாமளா நிறுத்துனா ஸ்டென்ட்லயே உறைஞ்சிடும்.

என் கருத்து, கழுத்துல வெட்டணுமேங்கிற பயத்துக்காக மட்டும் ஸ்டென்ட் போகாதீங்க. அந்த இதய டாக்டர்ட்ட எங்கப்பா வயசுக்கு ஏன் ஸ்டென்ட் நல்லதுன்னு சொல்றீங்கன்னு நேரா கேளுங்க. நல்ல காரணம் இருந்தா அவரே சொல்லுவாரு.

---

தாராவி ராஜா பதில்:

அக்கா, எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு பூண்டு, இஞ்சி, எலுமிச்சை சாறு, தேன் காய்ச்சி குடிச்சே அடைப்பு கரைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. ஊசி மூலமா ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்தி சுண்ணாம்ப கரைக்கிற டிரீட்மென்ட்டும் இங்க பண்றாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மாசம் அத ட்ரை பண்ணலாமே?

---

சயான் சிஸ்டர் பதில்:

ராஜா தம்பி, நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா செல்விக்கு அந்த ஒரு மாசம்தான் இல்ல. 80% படிஞ்ச சுண்ணாம்பு எந்த சாறுலயும் கரையாது. பூண்டு சமையல்ல சேக்கட்டும், நல்லதுதான். ஆனா காய்ச்சி தினமும் கிளாஸ் கிளாஸா குடிச்சா ரத்தம் உறையறதுல கை வைக்கும், ஏற்கனவே ஆஸ்பிரின் ஓடிட்டு இருக்கு, ஆபரேஷன் வேற வருது, அதனால இப்ப வேண்டவே வேண்டாம், ஏற்கனவே குடிச்சிட்டு இருந்தா டாக்டர்ட்ட சொல்லிடணும். ட்ரிப்ஸ் ஏத்தி கரைக்கிறோம்னு விளம்பரம் பண்ற எடத்துக்கெல்லாம் பணம் கட்டிட்டு, கடைசில ஒரு பக்கம் மொத்தமா விழுந்து எங்க ஐசியுக்கு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். பேச்சு போனவங்க கண்ணுல தண்ணி வர்றத பாக்குறது ரொம்பக் கஷ்டம் தம்பி.

இன்னும் ஒண்ணு, 100% அடைச்சிட்டா வழக்கமா ஆபரேஷனும் கெடையாது, ஸ்டென்ட்டும் கெடையாது. அந்த வாய்ப்பு இருக்கும்போதே பண்ணிக்கணும்.

---

பன்வேல் சுந்தர் பதில்:

இந்த த்ரெட்லயே என் கேள்வியும் கேட்டுக்கிறேன், மன்னிக்கணும். எனக்கு 58 வயசு. ஆபீஸ்ல மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல கழுத்து டாப்ளர் எடுத்தாங்க, வலது பக்கம் 60%னு வந்துருக்கு. எனக்கு கை கால் பேச்சு எதுலயும் ஒண்ணுமே வந்ததில்ல. இதெல்லாம் படிச்சதும் நானும் ரெண்டு வாரத்துக்குள்ள ஓடணுமான்னு பயமா இருக்கு.

---

சயான் சிஸ்டர் பதில்:

இல்லண்ணா, நீங்க வேற கதை. செல்வி அப்பாவுக்கு சொன்ன நம்பர் எதையும் உங்களுக்கு எடுத்துக்காதீங்க.

அறிகுறியே வராதவங்களுக்கு 1995ல அமெரிக்காவுலயும் 2004ல ஐரோப்பாவுலயும் ரெண்டு பெரிய ஆய்வு வந்துச்சு. அஞ்சு வருசத்துல ஸ்ட்ரோக் வர வாய்ப்பு 11, 12%ல இருந்து பாதியா கொறைஞ்சுச்சு, அவ்ளோதான். பாதின்னு கேக்க பெருசா இருக்கும், ஆனா நூறு பேருக்கு வெட்டி அஞ்சாறு பேருக்கு லாபம், அதுவும் அஞ்சு வருசத்துல. அந்தக் காலத்துல கொலஸ்ட்ரால் கொறைக்கிற ஸ்டாடின் மாத்திரை இப்ப மாதிரி எல்லாருக்கும் குடுக்கல. இன்னைக்கு நல்ல மாத்திரைல இருக்கிறவங்களுக்கு அந்த வாய்ப்பே வருசத்துக்கு ஒரு சதவீதம் பக்கம் வந்துருச்சு, அதனால ஆபரேஷனால வர லாபம் இன்னும் சின்னதாயிடுச்சு. 60%ங்கிறது டாப்ளர் எடுக்கிறவர் கைய பொறுத்தும் மாறும், அதனால நல்ல எடத்துல ஒரு தடவ திரும்ப எடுத்து பாத்துக்கோங்க.

உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல டாக்டர், ஸ்டாடின், ஆஸ்பிரின் வேணுமா வேண்டாமான்னு அவரு முடிவு, கெட்ட கொலஸ்ட்ரால் 70க்கு கீழ, பிரஷர், சுகர், சிகரெட் இருந்தா இன்னைக்கே நிறுத்தம், ஆறு மாசம் ஒரு வருசத்துக்கு ஒரு டாப்ளர். கண்ணு, பேச்சு, கை கால்ல கொஞ்சம் எதாவது வந்தா அன்னைக்கு ஓடுங்க.

எனக்கு இதுல கோவமே வருது. அமெரிக்காவுல தடுப்பு மருத்துவக் குழு, அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு கழுத்து டாப்ளர் எடுக்க வேண்டாம்னு 2014லயும் சொல்லி 2021லயும் அதையே உறுதி பண்ணிட்டாங்க, இங்க பேக்கேஜ்ல அத சேத்து வித்து நல்லா இருக்கிற மனுசங்கள தூங்க விடாம பண்றாங்க. நம்ம ஆட்களுக்கு தலைக்கு உள்ள இருக்கிற குழாய்ல அடைப்பு வர்றது வெள்ளக்காரங்கள விட அதிகம், அது இந்த பேக்கேஜ் டாப்ளர்ல தெரியவும் தெரியாது.

---

வடாலா முருகேசன் பதில்:

செல்வி, பணம் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். அப்பாவுக்கு 71ங்கறதால 2024 அக்டோபர்ல இருந்து ஆயுஷ்மான் பாரத்ல 70 வயசு தாண்டினவங்க எல்லாருக்கும் வருமானம் பாக்காம வருசத்துக்கு 5 லட்சம் கவர் இருக்கு, ஆதார் வச்சு வய வந்தனா கார்டு எடுக்கலாம். மகாராஷ்டிரா அரசோட மகாத்மா ஜோதிராவ் புலே திட்டமும் இருக்கு. எந்த ஆஸ்பத்திரில சேக்கிறீங்களோ அங்க ஆரோக்யமித்ரான்னு ஒரு கவுண்டர் இருக்கும், டாக்டர் எழுதின ஆபரேஷன் பேர காட்டி இது இந்த ஆஸ்பத்திரில திட்டத்துல வருமான்னு அட்மிஷனுக்கு முன்னாடி கேளுங்க. ஆதார், ரேஷன் கார்டு ஒரிஜினல் கைல இருக்கட்டும். துறைமுக பென்ஷன்காரங்களுக்கு மெடிக்கல் வசதி தனியா இருந்தா அங்க ரெஃபரல் லெட்டர் வாங்காம வெளில சேத்துட்டு அப்புறம் பில் கேட்டா அலைய விடுவாங்க, அதனால நாளைக்கு காலைலயே ஒரு ஆள அனுப்பிடுங்க.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்லுங்க, இது புதுசா கண்டுபிடிச்சு நம்ம மேல பரிசோதன பண்ற ஆபரேஷன் இல்ல. 1953ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல டிபேக்கிங்கற சர்ஜன் ஒரு பஸ் டிரைவருக்கு பண்ணாரு, அந்த மனுசன் அதுக்கப்புறம் 19 வருசம் ஸ்ட்ரோக் இல்லாம வாழ்ந்தாரு. அடுத்த வருசமே லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரிலயும் இதே கழுத்துக் குழாய்ல ஆபரேஷன் பண்ணாங்க.

---

செம்பூர் செல்வி பதில்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மீனாக்கா எழுதினத அம்மாவுக்கு உக்கார வச்சு படிச்சு காட்டினேன், ரப்பர் பொம்மை எடத்துல அழுகைய நிறுத்திட்டு அப்புறம் அப்புறம்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க.

இன்னைக்கு வாஸ்குலர் சர்ஜன்ட்ட திரும்ப போனோம். பாலா சொன்ன மாதிரி நேராவே கேட்டேன், நீங்க வருசத்துக்கு எத்தன பண்றீங்க, உங்க கைல எத்தன பேருக்கு ஒரு மாசத்துக்குள்ள ஸ்ட்ரோக் வந்துச்சுன்னு. கோவப்படுவாருன்னு நெனச்சேன், கோவப்படல, கம்ப்யூட்டர திருப்பி காட்டினாரு, அறிகுறி வந்தவங்களுக்கு 6%க்குள்ள இருக்கணும், எங்களோடது அத விட நல்லா கம்மின்னு பொறுமையா சொன்னாரு. அப்பாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல், அடைப்பு எட்டுற எடத்துல இருக்கு, ரேடியேஷன் எல்லாம் இல்ல, அதனால ஆபரேஷனே முடிவு பண்ணிட்டோம். 14 நாள் தாண்டாது. பெரியப்பாகிட்ட 125 பேரு கணக்க சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி, இசக்கியம்மனுக்கு காசு முடிஞ்சு வை, நான் ரயில் ஏறுறேன்னுட்டாரு.

அப்பாதான் இன்னும் எனக்கு எதுக்குன்னு முணுமுணுக்குறாரு, ஆனா கையெழுத்து போட்டுட்டாரு.

ஒரே ஒரு சந்தேகம். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின், பிரஷர் மாத்திரை, மெட்ஃபார்மின் எல்லாம் ஓடுது. பக்கத்து வீட்ல ஆபரேஷன்னா ரத்தம் இளக்குற மாத்திரைய அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்தணும்னு சொல்றாங்க. நிறுத்திடவா?

---

சயான் சிஸ்டர் பதில்:

நிறுத்தாதீங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க! மத்த ஆபரேஷனுக்கு சொல்றது இதுக்கு பொருந்தாது. இதுல ஆஸ்பிரின் ஆபரேஷன் அன்னைக்கும் ஓடணும், அத விட்டா வெடிச்ச எடத்துல திரும்ப உறையும். ஸ்டாடினும் அப்படியே. கிளோபிடோக்ரெல் சில சர்ஜன் தொடர சொல்லுவாங்க, சில பேரு நிறுத்த சொல்லுவாங்க, கழுத்துல ரத்தக் கசிவு பாத்து முடிவு பண்ணுவாங்க, அதனால இன்னைக்கே போன் போட்டு அவர்ட்டயே கேளுங்க. மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் அன்னைக்கு காலைல குடுக்கணுமான்னு மயக்க டாக்டர் வந்து பாக்கும்போது சொல்லுவாரு.

சேக்க போகும்போது எல்லா மாத்திரையும் அட்டையோட ஒரு பைல போட்டு கொண்டு போங்க, பேரு எழுதின சீட்டு மட்டும் போதாது. சிடி ஆஞ்சியோவோட ரிப்போர்ட் மட்டும் இல்ல, அந்தப் படம் பதிஞ்ச டிஸ்க்கும் வேணும், சர்ஜன் படத்த திரும்ப பாப்பாரு. கட்டுன பல்லு இருந்தா சொல்லிடுங்க. அப்பா இப்ப எப்படி பேசுறாரு, சிரிச்சா வாய் எப்படி இருக்கு, நாக்க நீட்டுனா நேரா வருதான்னு போன்ல ஒரு சின்ன வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் ஏதாவது மாறியிருந்தா டாக்டருக்கு காட்ட உதவும். எந்த வார்டுன்னு தெரிஞ்சதும் எனக்கு தனியா மெசேஜ் போடுங்க, நான் வேலை பாக்குற எடம்னா நானே உள்ள வந்து அவரோட தமிழ்ல பேசுறேன்.